பச்சை பிரஸ், சிவப்பு பிரஸ்

பச்சை நிறத் தோட்டா பிரஸ்ஸோடு மனித நாகரிகம் முழுமை அடைந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் எதையும் கண்டுபிடித்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லூயிஸ்டவுனைச் சேர்ந்த வெர்லின் இதைத் தேவாலய வாசலிலேயே சொல்லியிருக்கிறார்.

சுட்டு முடித்த தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் ஏற்றும் கைப்பிடி மெஷின் அது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம். வெர்லினின் நிலவறையில் பிரஸ், தராசு, புனல் எல்லாமே பச்சை. சம்பந்தி டோய்ல் வீட்டில் எல்லாம் சிவப்பு. இருவரும் பேசிக்கொள்வார்கள், வானிலையைப் பற்றி மட்டும்.

கல்யாணமாகி ஆறு மைல் தள்ளிப் போன மகள் மார்லா, சொந்தமாக ஒரு பிரஸ் வாங்கப்போவதாகச் சொன்னாள். வெர்லினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சிவப்பு வாங்கினால் உதிரி பாகத்துக்கும் யோசனைக்கும் டோய்ல் வீட்டுக்குத்தான் போவாள். பத்து வயதிலிருந்து, கல்யாணத்துக்குப் பிறகும், ஞாயிறு மதியமெல்லாம் அவள் அப்பாவோடு நிலவறையில்தான். அவர் இரண்டு மணி நேரம் பச்சையின் பெருமை பேசினார். டோய்ல் ஹக்கிள்பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்று அனுப்பினார், அடியில் சிவப்புக் கம்பெனியின் விலைப்பட்டியலோடு.

மார்லா நீலம் வாங்கினாள்.

பச்சையிலும் சிவப்பிலும் ஒரு தோட்டாவுக்கு நாலு இழுப்பு; இதுவோ மருந்தைத் தானே அளந்துகொண்டு, ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா விழும் மெஷின். அதில் வருவது தோட்டா இல்லை, சோளப்பொரி என்றார் வெர்லின். மருந்தை ஒவ்வொரு முறையும் தராசில் நிறுக்காதவர்களுக்குத் துப்பாக்கியே விற்கக் கூடாது என்றார். அன்று மாலை டோய்ல் போன் செய்தார்.

"நம்ம வளர்ப்பு எங்க தப்பாச்சு சம்பந்தி?"

வாழ்க்கையில் முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிலவறைக்கு யாரும் வரவில்லை. வெர்லின் ஒரே மருந்தை மூன்று முறை நிறுத்தார். எடை மாறவில்லை. வண்டியை எடுத்தார்.

மார்லாவின் கார் ஷெட்டில் நீல பிரஸ் முன்னால் டோய்ல் நின்றிருந்தார்.

"வாங்கப்பா. மாமா ஒரு மணிக்கே வந்துட்டாரு. நூத்தம்பது தோட்டா போட்டாச்சு."

"நான் சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

"பாக்கறதுன்னாலும் கண்ணாடி போட்டுக்கணும்," என்று பாதுகாப்புக் கண்ணாடியைத் தந்தாள்.

ஐந்து நிமிடம் பார்த்தார்.

"கொஞ்சம் நகருங்க சம்பந்தி. கைப்பிடி இறுக்கமா இருக்கான்னு மட்டும் பாக்கறேன்."

இழுத்தார். தட்டில் ஒரு தோட்டா விழுந்தது. மகள் பக்கத்தில் நின்று அடுத்த கூட்டை எடுத்து வைத்தாள். கைப்பிடி விஷயத்தை ஒரே இழுப்பில் சொல்லிவிட முடியாதாம். நான்கு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.