தனிக்குடித்தனம் போன கட்டைவிரல்

சலூன்காரனின் வலது கட்டைவிரல் ஒரு புதன்கிழமை மத்தியானம், வாடிக்கையாளர் ஒருவருக்குக் கிருதா ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, அவனை விட்டுப் பிரிந்து தனிக்குடித்தனம் போனது. இருந்த இடம் என்னவோ பழைய கைதான். நகம் வளர்ந்தது, குளிரில் வெளுத்தது, சோப்புப் போட்டால் நுரைத்தது. சொன்ன பேச்சைக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டது. டும்-டக், டும்-டக் என்று ஒரே சீராக, எதன்மேல் வைத்தாலும் அதைத் தட்டியது. எதன்மேலும் வைக்காவிட்டால் காற்றைத் தட்டியது. இன்றுவரை ஓயவில்லை. அந்த வாரம் தெருவில் நடந்த மற்ற விசேஷங்கள் என்று பார்த்தால், மருந்துக்கடைக்குப் புது ஷட்டர் போட்டார்கள், தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஒலிநாடா. சவரத்துக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் மறந்துவிட்டுப் போனது. கன்ட்ரி கிட்டார் மீட்டுவது எப்படி என்று அதில் ஒரு கரகரத்த குரல் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. கன்ட்ரி என்றால் நீண்ட சாலை, மாட்டுப் பண்ணை, விட்டுப்போன காதலி ஆகிய மூன்றையும் பற்றி மாற்றி மாற்றி அழும் பாட்டு. ஆனால் கைவேலை சுத்தம். கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறித் தாளம் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும், மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் பாட்டை எடுக்கவேண்டும். வாசிப்பது ஒரு ஆள், காதில் விழுவது இரண்டு ஆள். சாதாரண மனிதர்கள் வருடக்கணக்கில் இதற்காகக் கைவலித்துச் சாவார்கள். பழைய கிட்டார் ஒன்றை வாங்கிய சலூன்காரனுக்கு இது ஒரு மழைக்காலத்தில் வந்துவிட்டது. கத்தரி பிடிக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. கத்தரியின் ஒரு அலகு அசையாமல் நிற்கும். இன்னொன்றை ஆட்டுவது கட்டைவிரல் மட்டும்தான். முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். ஓயவிட்டால் கை ஆறிப்போகும் என்பது தொழில் நம்பிக்கை. அந்தக் கரகரத்த குரல், நிற்காதே என்று கட்டைவிரலுக்குச் சொல்லிவிடுங்கள், பிறகு அதை மறந்துவிடுங்கள் என்றது. சலூன்காரன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். "நான் சொல்ற வரைக்கும் நிக்கக் கூடாது" என்று விரலைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னான். மறக்கவேண்டும் என்பதையும் ஒழுங்காகச் செய்தான். ஞாபகம் வந்து "போதும்" என்றபோது விரல் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளப் பழகியிருந்தது.

அந்தத் தட்டு காதில் விழும் தூரத்திலிருந்த எல்லாம் அதன் வழிக்கு வந்தன. சலூன் குழாய் தாளத்தில் சொட்டியது. எதிர்வீட்டு நாயும் கோடிவீட்டு நாயும், ஒன்று டும், இன்னொன்று டக் என்று முறைபோட்டுக் குரைத்தன. பேச்சுத் திக்கும் தபால்காரர் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை தங்குதடையில்லாமல் பேசினார். அதற்காகவே வாரம் தவறாமல் வந்தார், தலையில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லாமல் போனபிறகும் வந்தார். மாடி வீட்டுத் தம்பதி வழக்கம்போலச் சண்டை போட்டார்கள். ஆனால் வசவெல்லாம் தாளத்தில் விழுந்ததால் கீழே இருந்தவர்கள் காலால் தாளம் போட்டுக் கேட்டார்கள். இரண்டாம் நாள் ஒருவர் கைதட்டியதும் அவமானம் தாங்காமல் சமாதானமாகிவிட்டார்கள். தெருவே விரலைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

ஆபத்து வந்தது சலூன்காரனின் மனைவிக்குத்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஹோட்டலில், ஒரு பியானோக்காரர் துணையோடு, சாயங்காலங்களில் ஜாஸ் பாட்டுப் பாடுகிறவள். தெருவில் அவளுக்கு லேட்டு என்று பெயர். பிறந்ததே லேட்டு. கல்யாணத்தைப் பதிவு செய்யும் நாளில் அவள் வந்து சேர்ந்தபோது பதிவாளர் சாப்பிடப் போய்விட்டார், சாட்சிகளில் ஒருவர் தூங்கிவிட்டார். அந்தக் குணம்தான் அவளுக்குத் தொழில். பாட்டில் தாளம் விழுந்து, எழுந்து, தூசி தட்டிக்கொண்டு கிளம்பியபிறகுதான் அவளுடைய சொல் சாவகாசமாக வந்து உட்காரும். வருமா வராதா என்ற அந்தச் சின்ன இடைவெளியில் சாப்பிடுகிறவர்கள் கரண்டியை வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்திவைத்திருப்பார்கள், சூப் ஆறிப்போகும். அதற்குத்தான் கூட்டம்.

ஒரு சாயங்காலம் அவள் ஹோட்டலுக்குச் சரியான நேரத்துக்கு வந்தாள். பியானோக்காரர் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டுக் காதில் வைத்துப் பார்த்தார். பாடத் தொடங்கியதும் ஒவ்வொரு சொல்லும் தபால் முத்திரை குத்தியதுபோலத் தாளத்தின் உச்சந்தலையிலேயே விழுந்தது. அவர் பாதியில் கையை எடுத்துவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க சூப் சூடாகவே குடிக்கப்பட்டது. முதலாளி வேறொரு பாடகியின் விலாசத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் கட்டில் சட்டத்தில், சாப்பாட்டுத் தட்டில், அவள் தோளில் என்று அந்த விரல் இரவும் பகலும் அவளுடைய தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி நேராக்கியிருந்தது.

"உங்க விரல்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லைங்க" என்றாள், பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே. "ஆனா இன்னும் ஒரு மாசம் இங்க இருந்தேன்னா நான் பாட்டுக்காரி இல்ல, சுவர்க்கடிகாரம்."

அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். சலூன்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம்வரை போனான். பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. அவளும் சரியான நேரத்துக்குப் போய் நின்றிருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

விரலை அடக்க அவன் செய்யாததில்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்திவந்த அந்த அண்ணன், "விரல்தானே மாப்ள, இறுக்கி ஒரு கட்டுப் போடு, அடங்கிடும்" என்றார். கட்டுப்போட்டதும் விரலுக்குப் பதில் நாற்காலியின் கால்கள் தட்ட ஆரம்பித்தன. பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தான். அது தாளத்தில் உருகியது. டாக்டர் விரலில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, உன்னைவிட இது ஆரோக்கியமாக இருக்கிறது, தொந்தரவு செய்யாதே என்று அனுப்பிவிட்டார்.

இந்த நிலையில்தான் அசல் மீட்டல் காப்புக் கழகம் விரலைத் தேடி வந்தது. கழகத் தலைவர் வடிகால் வாரியத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். கௌபாய் படங்களில் வருவதுபோன்ற அகலத் தொப்பியும் கூர்மூக்கு பூட்ஸும் இல்லாமல் வெளியே வரமாட்டார். குதிரையைக் காலண்டரில் பார்த்திருக்கிறார். கன்ட்ரி மீட்டலில் எது அசல், எது கலப்படம் என்று தீர்ப்புச் சொல்வதுதான் கழகத்தின் வேலை. கட்டைவிரல் தாளம் அசல். பிக் என்னும் சிறு வில்லையைப் பிடித்துத் தந்தியை மேலும் கீழும் விரைந்து அடிப்பது அசல். தந்தியைச் சுண்டிக் கோழி கொக்கரிப்பதுபோல ஒலிக்கவைப்பதும் அசல்தான். செயலாளர் பல வருடமாக அதைப் பயிற்சி செய்கிறார், இதுவரை எந்தக் கோழியும் ஏமாறவில்லை. மற்றதெல்லாம் கலப்படம். பிறந்தநாள் விழா ஒன்றில் ஜாஸ் பாணியில், சேராத சுரங்களை ஒன்றாக அமுக்கும் கோணல் சுரக்கட்டு ஒன்றை நுழைத்துவிட்ட உறுப்பினரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அப்பேர்ப்பட்ட கழகம் நகர மண்டபத்தில் விழா எடுத்து விரலுக்குப் பதக்கம் அணிவிக்க முடிவுசெய்தது. அழைப்பிதழில், விரல் மீட்டும், கையின் ஏனைய பகுதிகள் உடன் வரும் என்று அச்சடித்திருந்தார்கள்.

அழைப்பிதழோடு சலூன்காரன் மச்சான் வீட்டுக்குப் போனான். வாசலில் நின்றிருந்த பயிற்சிக் கார்களின் சிவப்பு விளக்குகள் அவனைக் கண்டதும் தாளத்தில் மினுக்க ஆரம்பித்தன. மனைவி பால்கனிக்கு ஓடிவந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கயே நில்லுங்க! ரோட்டுக்கு அந்தப் பக்கம்!"

அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான். "எல்லாம் செஞ்சு பாத்துட்டேம்மா. நிக்க மாட்டேங்குது!"

"நான் அதை நிறுத்தச் சொல்லவே இல்லியே! அது தனிக்குடித்தனம் போயிடுச்சு, சரி, நல்லா இருக்கட்டும். நீங்க ஏன் இன்னும் அது வீட்லயே சாப்பிட்டுட்டு இருக்கீங்க?"

"புரியலியே!"

"மத்த நாலு விரலுக்கும் ரோஷமே கிடையாதா? அது டும்முன்னா இதுங்களும் எழுந்து ஓடுது. நீங்களும் பின்னாடியே ஓடுறீங்க. ஒருத்தராச்சும் எனக்காக நின்னீங்களா?"

அண்ணன் கார் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கும் புரியல மாப்ள. ஆனா அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். என்ன, கொஞ்சம் லேட்டா தெரியும்."

மறுநாள் தபால்காரரின் தலையில் மிச்சமிருந்ததைத் திருத்திக்கொண்டிருந்தபோது தெரிந்தது. கத்தரி வழக்கம்போல் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. முடியோ சீப்பு அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தும்போது மட்டும்தான் விழுந்தது. கத்தரி எப்போதும் தயார். நேரம் பார்ப்பது சீப்பு. இத்தனை வருடமும் கை செய்துவந்ததைப் புத்தி அன்றுதான் கவனித்தது. கடையை அடைத்துவிட்டுக் கிட்டாரை எடுத்தான். கட்டைவிரலை அதன் போக்கில் விட்டான். மற்ற விரல்களிடம் ஓடாதீர்கள், நில்லுங்கள் என்றான். அவை நிற்கத் தெரியாமல் ஓடின. அப்போது அவன் தன் வாழ்க்கையில் மனைவிக்காகக் காத்திருந்த நேரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றுக்கு நினைவூட்டினான். சினிமா வாசலில் இரண்டு டிக்கெட்டோடு நின்றது, உள்ளே படம் ஓடும் சத்தம். மழையில் குடையை விரித்துக்கொண்டு, ஒரு பக்கத்தைக் காலியாக வைத்துக்கொண்டு நின்றது. பதிவு அலுவலகப் படியில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்தது. கடைசியில் அவள் ஓடாமல், நடந்து, சிரித்துக்கொண்டே வந்தது. ஆள்காட்டி விரல் முதலில் கற்றுக்கொண்டது. நடுவிரல் வீம்பு பிடித்தது. சுண்டுவிரலுக்கு மீட்டலில் வேலை இல்லை, அது கேட்டுக்கொண்டிருந்தது. மோதிர விரலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு எல்லாம் ஞாபகமிருந்தது.

விழா நாளில் மண்டபம் பிதுங்கி வழிந்தது. உட்கார்ந்தவர்கள் போக, சுவரோரம் நின்றவர்களே ஒரு கூட்டம். முன்வரிசையில் ஒரு நாற்காலியைச் சலூன்காரன் துண்டு போட்டுப் பிடித்துவைத்திருந்தான். அது காலியாகவே இருந்தது. தலைவர் கலையின் தூய்மை பற்றிப் பேச எழுந்தார். சாதாரணமாக அவர் பேச எழுந்தால் அனுபவசாலிகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அன்றோ மேடையில் விரல் தட்டிக்கொண்டிருந்ததால் தூய்மை, வாய்மை, மேன்மை என்று சொற்கள் துள்ளிக் குதிக்க ஆரம்பித்தன. ஜனம் கைதட்டித் தாளம் போட்டது. பூட்ஸ் கால்கள் அவர் அனுமதி கேட்காமலே ஆடின. வாழ்நாளில் முதல்முறையாகச் சுருக்கமாகப் பேசி முடித்து, வியர்வையோடு பதக்கத்தை விரலில் நூலால் கட்டிவிட்டு உட்கார்ந்தார். அதுவும் கிணிங் கிணிங்கென்று தாளத்தோடு சேர்ந்துகொண்டது.

சலூன்காரன் கழகம் ஒப்புக்கொண்ட உருப்படி ஒன்றை முதலில் வாசித்தான். செயலாளர் கண்ணை மூடித் தலையாட்டினார். அது முடிந்ததும், கட்டைவிரல் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்க, இடது கையால் மனைவி பாடும் பாட்டின் கோணல் சுரக்கட்டுகளை அமுக்கிக்கொண்டு, வலது கை விரல்களைத் தந்திமேல் நிறுத்தினான். அவை மீட்டவில்லை. நின்றன. டும்-டக் என்று ஒரு சுற்றுப் போனது. இன்னொரு சுற்றுப் போனது. தலைவர் எழுந்திருக்கப் பார்த்தார். அப்போது முதல் சுரம், வாசலில் குடையை உதறிவிட்டு உள்ளே வருகிறவர்போலச் சாவகாசமாக வந்து விழுந்தது. அடுத்ததும் அப்படியே. கட்டைவிரல் கொஞ்சமும் அசைந்துகொடுக்கவில்லை. மற்ற விரல்கள் கொஞ்சமும் அவசரப்படவில்லை. ஒரே கையில் இரண்டு குடும்பம், சண்டையில்லாமல்.

அவள் அப்போதுதான் வந்தாள். அண்ணனின் பயிற்சிக் கார் வழியெல்லாம் நின்று நின்று வந்திருந்தது. பின்வாசலில் நின்றபடி, ஒரு கணம் கேட்டுவிட்டு, தாளத்துக்கும் பின்னால், விரல்களுக்கும் பின்னால், தன் பழைய இடத்தில் முதல் சொல்லை வைத்தாள். அந்தத் தாளத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே ஒரு இடைவெளி திறந்தது. முதலில் செய்தித்தாள் நுழையும் அகலம், அடுத்த அடியில் ஜன்னல் அகலம், அதற்கடுத்த அடியில் ஒரு கதவு. உள்ளே குளுமையாக, வெளிச்சமாக இருந்தது. சுவரோரம் கால்கடுக்க நின்றவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அதற்குள் போட்டு உட்கார்ந்தார்கள். தபால்காரர் உட்கார்ந்தார். அழுத குழந்தை ஒன்று அங்கே போனதும் தூங்கிவிட்டது. செயலாளர் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"கழக விதிகளில் இதற்கெல்லாம் இடமே இல்லை!" என்றார் தலைவர்.

"இங்க நிறைய இருக்கு சார், வாங்க" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார் தபால்காரர், திக்காமல்.

அவள் அன்றே வீடு திரும்பினாள். ஹோட்டலில் சூப் மறுபடி ஆற ஆரம்பித்தது. சலூனுக்குப் பின்னால் அவர்களுக்கிருந்தது ஒரே ஒரு அறை. அவன் மீட்டி அவள் பாடும்போதெல்லாம் பீரோவுக்குப் பக்கத்தில் இடைவெளி திறக்கும், பாட்டு முடிந்தால் மூடிக்கொள்ளும். போகப்போக, தினமும் திறந்து மூடும் சிரமத்தைப் பார்த்தோ என்னவோ, திறந்தபடியே நின்றுவிட்டது. ஒரு கட்டிலும் கண்ணாடியும் போட்டார்கள். ஒரு கோடைகாலத்தில் அதற்கு ஜன்னல் வந்தது. நகராட்சி ஆள் நாடாவோடு வந்து அளந்து, கூடுதல் அறை, காற்றோட்டம் நன்று என்று எழுதிக்கொண்டு போனார். தலைவர் வெகுகாலம் வீறாப்பாக வேறு சலூனுக்குப் போய்வந்தார்; பிறகு ஒருநாள் வந்து, தன் முறை வரும்வரை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் முணுமுணுத்தது அசலா கலப்படமா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் தாமத மீட்டல் என்ற ஒன்றைக் கழகம் தன்னுடைய கண்டுபிடிப்பாக அறிவித்தது. இப்போது தெருவில் பலரும் கட்டைவிரல் தாளத்தோடு அக்கார்டியனை, பித்தளை வாத்தியத்தை, வாயில் வந்ததைக் கலக்கிறார்கள். ஆளுக்குத் தக்கபடி இடமும் திறக்கிறது. மருந்துக்கடைக்காரர் தனக்குக் கிடைத்ததில் சைக்கிளை நிறுத்துகிறார். மாடி வீட்டுத் தம்பதி எப்போதாவது கோபித்துக்கொள்ள ஒதுங்குகிறார்கள்.

காலையில் சலூன்காரன் இரண்டு டம்ளரில் டீ ஊற்றிவைக்கிறான். கட்டைவிரல் மேஜையில் டும்-டக் என்கிறது.

"டீ ஆறுதும்மா!"

"இதோ வந்துட்டேங்க!" என்று அந்த அறையிலிருந்து குரல் வருகிறது.

மற்ற நான்கு விரல்களும் அவளுடைய டம்ளரை ஒரு தட்டால் மூடிவைக்கின்றன.