குறுக்குக் கயிறு பிடிக்காத மண்டபம்

மூடுகல் உட்கார மாட்டேன் என்றது.

சங்கிலிக் கப்பியில் தொங்கியபடி அந்தத் தாமரைக் கல் மண்டபத்தின் உச்சித் துவாரத்துக்கு நேராக வந்து, மெல்ல இறங்கி, ஒரு பக்கம் 'ணங்' என்று தட்டி நின்றுவிட்டது. மறுபக்கம் அதைத் தாங்க அடியில் ஒன்றுமே இல்லை. ஒரு ஆள் கையை முழங்கை வரைக்கும் விட்டு ஆட்டலாம், அத்தனை இடைவெளி. சங்கிலியைப் பிடித்திருந்தவர்கள் பிடியை இறுக்கிக்கொண்டார்கள். நான் கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாச்சிமுத்து ஆசாரியின் முகத்தைப் பார்த்தேன். கடைவீதியில் பிறந்து வளர்ந்தவன் நான். வாங்கிப் பெட்டியில் போட்ட நோட்டு செல்லாத நோட்டு என்று தெரிகிற கணத்தில் ஒரு மனிதன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த முகம்தான் அது.

வேடசந்தூர் போகிற ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த நாலுகால் மண்டபம் குறுக்கே நின்றது. திருவிழாவில் காளியம்மன் வந்து இறங்குகிற மண்டபம். எந்தக் காலத்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு ராஜா பேரைச் சொன்னார்கள். இடிக்க வேண்டாம், கல் கல்லாகப் பிரித்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் பொட்டலில் நாங்களே நிறுத்திக்கொள்கிறோம் என்று கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டார்கள். எனக்கு அங்கே என்ன ஜோலி என்றால், திண்டுக்கல்லில் எனக்குப் பூட்டுக் கடை. கூடவே இரும்புச் சாமானும் உண்டு. கப்பியும் சங்கிலியும் என்னுடையவை. வாடகைக்கு விட்ட சாமானைக் கண் பார்வையிலிருந்து தப்பவிடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

நாச்சிமுத்து ஆசாரி பாலசமுத்திரத்துப் பக்கம். காதில் கடுக்கன், நெற்றியில் கை அகலத்துக்குத் திருநீறு, நடையில் கோபுரம் கட்டி முடித்த தோரணை. வந்த அன்றைக்கே, "இந்த மண்டபத்தைக் கட்டுனது எங்க பாட்டனுக்குப் பாட்டன் வழியுங்க" என்றார்.

"அதுக்குச் சாட்சி?" என்றேன்.

"இந்தக் கைதானுங்க சாட்சி."

பரம்பரையை முதலில் எடுத்து வைக்கிறவன் விலையை அடுத்ததாக எடுத்து வைப்பான். அப்படியே வைத்தார். ஊருக்காக நான்தான் துண்டுக்கு அடியில் அவர் விரலைப் பிடித்துப் பேசி முடித்தேன். கல் உடைக்கிற விரல் என்றாலும் பேரத்தில் நல்ல வழுக்கல்.

ஆனால் வித்தை தெரிந்த ஆள், அதில் சந்தேகமில்லை. அவர்கள் வீட்டில் பிள்ளைகளை லேசில் உளியைத் தொட விடமாட்டார்களாம். கயிற்றையும் முளையையும் கொடுத்து வருஷக்கணக்கில் மணலில் வட்டம் போட விடுவார்கள். வட்டத்திலிருந்து சதுரம் எடுக்க வேண்டும், சதுரத்திலிருந்து எட்டுப்பட்டை எடுக்க வேண்டும், கோணினால் தலையில் குட்டு. புது இடத்தில் அவர் ஒரு கம்பை நட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டு, காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தையும் மாலையில் தொட்ட இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நூல் பிடித்து, "இதானுங்க கிழக்கு" என்றபோது ஊரே வாயைப் பிளந்தது. நானும் பிளந்தேன்; ஆனால் சீக்கிரம் மூடிக்கொண்டேன்.

மண்டபத்துக் கூரையின் சூட்சுமத்தை அவர் எனக்குக் காட்டியது என் துண்டை வைத்துத்தான். துண்டைச் சதுரமாக்கித் தரையில் விரித்து நாலு மூலையையும் நடுவுக்கு மடித்தார். உள்ளே திரும்பி நிற்கிற சின்னச் சதுரம் வந்தது. மறுபடி மடித்தார், இன்னும் சின்னது. "மூலைக்கு ஒரு முக்கோணக் கல்லுங்க. வைக்க வைக்க நடுவுல ஓட்டை பாதி பாதியாக் குறையும். கடைசி ஓட்டைக்கு ஒரு மூடுகல்லு. அம்புட்டுத்தானுங்க" என்று எங்கள் ஊர்ப் பேச்சையும் போனால் போகிறதென்று ஒரு வார்த்தை பேசிக் காட்டினார்.

பிரிப்பதற்கு முன்னால் கற்களுக்குத் தார் வைத்து அடையாளம் இட்டார். பக்கங்களை அளந்தார். நாலும் அச்சாகச் சமம். எங்கள் பட்டறையில் இரும்புக் கதவு அடித்தால், மூலைக்கு மூலை குறுக்குக் கயிறு பிடித்து இரண்டும் ஒன்றா என்று பார்க்காமல் வெளியே அனுப்பமாட்டோம். அந்தப் பழக்கத்தில், "குறுக்குக் கயிறு பிடிக்கலையா ஆசாரியாரே?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் கப்பியோடு திண்டுக்கல்லுக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றிவிட்டது. "ஏனுங்க மொதலாளி, பெத்த தாயிகிட்டப் போயி, நீதான் என்னியப் பெத்தேங்கறதுக்கு ருசு காட்டுன்னு கேப்பீங்களா?"

நான் கேட்கமாட்டேன். அதோடு விட்டுவிட்டேன்.

பிரிக்கிற அன்று காளியம்மன் காலடியில் தன் உளியை வைத்து ஊர் முன்னால் சத்தியம் பண்ணினார். "எம்பாட்டன் நிறுத்துனது எப்படி நின்னுச்சோ அப்படியே நிக்கும். திருவிழாக் கொடி ஏறக்குள்ள நிக்கலீன்னா இந்த உளியை நானு இனித் தொடமாட்டேன்." பரம்பரை உளி அது; அம்மன் காலடியிலேயே இருந்தது. இரவல் உளியில் வேலை செய்துகொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் புது அடித்தளத்தை எழுப்பினார். சாஸ்திரப்படி சுத்தமான சதுரம். குறுக்குக் கயிறும் பிடித்தார். ஒரு நூல் பிசகில்லை.

கூரையின் முதல் வரிசை மூலைக்கல் வைத்தபோதே இரண்டு மூலையில் விரல் நுழைந்தது. மற்ற இரண்டில் கல் கல்லை நெருக்கிக்கொண்டு நின்றது. "சுண்ணாம்பு குடிச்சுக்கும்ங்க" என்றார். இரண்டாம் வரிசையில் கை நுழைந்தது. அடுத்த கல்லை ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். இப்போது மூடுகல்.

"வண்டிக்காரன் கல்லை மூளியாக்கிட்டான்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது தீயாகப் பிடித்தது.

வண்டிக்காரன் ஒச்சப்பன். கல் ஏற்றிய அவன் வண்டிகளில் ஒன்று மண்டபத்துக்கும் பொட்டலுக்கும் நடுவே வாய்க்காலில் குடை சாய்ந்தது ஊருக்கே தெரியும். அதில் இருந்தது வெறும் படிக்கல் என்பதுதான் யாருக்கும் ஞாபகமில்லை.

"எவன்டா அவன், கல்லு மூளின்னவன்?" ஒச்சப்பன் மாடு ஓட்டுகிற தார்க்குச்சியோடு முன்னால் வந்தான். "ஏலே, எறக்குங்கடா அம்புட்டையும்! தரையில பரப்பிக் காட்டுறேன். ஒரு ஓரம் ஒடஞ்சிருந்தா என் மாட்டை அவுத்துக்கிட்டுப் போங்க. ஒடையலைன்னா, சொன்னவன் வாயில சாணியை அப்புவேன், பார்த்துக்க!"

கற்களை இறக்கினோம். ஒச்சப்பன் வெறியில் நின்றதால் யாரும் மறுக்கவில்லை. அவனும் அவன் ஆட்களும் தார் அடையாளம் பார்த்து, கூரையைத் தரையிலேயே கல்லோடு கல் ஒட்டி அடுக்கினார்கள். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோடு போய்ச் சேரும்போது, நல்ல பூட்டில் சாவி விழுகிற சத்தம். ஒரு ஓரம் உடையவில்லை. ஒரு இடத்திலும் நகம் நுழையவில்லை. கடைசியில் நடு ஓட்டையில் மூடுகல்லை வைத்தார்கள். தொட்டிலில் பிள்ளை மாதிரி படுத்தது.

"இப்பச் சொல்லுங்கடா!" என்றான் ஒச்சப்பன்.

கூட்டம் நெருங்கி வந்து குனிந்து பார்த்தது. தரையில் கிடந்த கூரை சதுரமாக இல்லை. லேசாக ஒரு பக்கம் தள்ளிவிட்ட கட்டில் மாதிரி சாய்ந்து கிடந்தது.

நாச்சிமுத்து கயிற்றை எடுத்தார். முடிச்சைப் பிடிக்க நான் குனிந்தேன். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பிடித்தோம். அதே கயிற்றை அடுத்த மூலையிலிருந்து பிடித்தோம். ஒரு சாண் மிஞ்சியது. மறுபடி பிடித்தோம். மறுபடியும் ஒரு சாண்.

அவர் அப்படியே வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. எங்கள் தொழிலில் இது உண்டு. பூட்டு கொஞ்சம் கோணலாக அமைந்துவிட்டால் கெட்டிக்காரன் பூட்டைத் தூக்கிப் போடமாட்டான். அந்தக் கோணலுக்குத் தகுந்தபடி சாவியை அராவிவிடுவான். வாங்குகிறவனுக்கு ஆயுசுக்கும் தெரியாது. நாமோ கோணல் பூட்டுக்கு அராவின சாவியைக் கொண்டுவந்து ஒழுங்கான பூட்டில் திருகிக்கொண்டிருக்கிறோம்.

"ஆசாரியாரே," என்று காதோரம் குனிந்தேன். "இது நம்ம மூணு நாலு பேருக்குத்தான் புரிஞ்சிருக்கு. நாம பிரிக்கிறதுக்கு முன்னாடியே ரோட்டுக்காரங்க கடப்பாரை போட்டு நெம்பினதுல கல்லு நகண்டு தேஞ்சுபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்தை நான் பேசிக்கிறேன்." கேட்பாரில்லாத தப்பைக் எதிரே இல்லாதவன் தலையில் இறக்குவது கடைவீதியில் ஒரு பாவமாகவே கருதப்படுவதில்லை.

அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குள் கருப்பம்மாள் வந்துவிட்டார். ஊர்ப் பெரியதனக்காரர் படுக்கையில் விழுந்ததிலிருந்து கோயில் காரியத்தில் அவர் சம்சாரம் கருப்பம்மாள் சொல்தான் சட்டம். வழியிலேயே யாரோ பற்றவைத்திருக்க வேண்டும். "ஏண்டா ஒச்சப்பா, அம்மன் மண்டபத்தையே மூளியாக்கிட்டியாமே? இனிமே உன் வண்டி இந்த ஊருக் களத்துல கால் வைக்கப்படாது. போ!"

அத்தனை நேரம் கத்திய ஒச்சப்பன், பெரிய வீட்டு அம்மா சொன்னதும் தார்க்குச்சியைக் கீழே போட்டுவிட்டு ஆசாரியையே பார்த்தான். ஊர் முழுக்க ஆசாரியைப் பார்த்தது. சும்மா இருந்தாலே போதும்; பழி தானாகப் போய் வண்டியில் ஏறிக்கொள்ளும்.

நாச்சிமுத்து எழுந்தார். "ஆத்தா, வண்டிக்காரர் மேல தப்பில்லீங்க. கல்லு அத்தனையும் சுத்தமா இருக்குது. மண்டபமே ஆதியில கோணலுங்க."

"என்னது?"

"எம்பாட்டன் அடித்தளம் போடறப்ப மூலையை விட்டுட்டானுங்க. தூணு நட்டதுக்கப்புறந்தான் தெரிஞ்சிருக்கும். அப்புறம் கூரைக்கல்லு ஒவ்வொண்ணையும் அந்தக் கோணலுக்குத் தக்கனயே செதுக்கி, பாக்கறவன் கண்ணுக்குத் தெரியாம மூடீட்டான். அவன் தப்புப் பண்ணுனான். நானு அதைய அளந்து பாக்காம விட்டேன்."

கூட்டத்தில் ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மனுக்கா ஆசாரிக்கா என்று தெரியவில்லை. என் வியாபார வாழ்க்கையில் கேட்காமலே தன் சரக்கின் குறையைச் சொன்ன முதல் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் பாட்டன் சரக்கு.

கருப்பம்மாள் மெதுவாகக் கேட்டார். "அப்ப இத்தனை தலைமுறையா எங்காத்தா கோணல் மண்டபத்துலயா உக்காந்துக்கிட்டிருந்தா?"

"ஆமாங்க."

"கல்லைச் செதுக்கி நேராக்கிப்புடலாமே" என்றார் ஒருவர்.

"ஆக்கலாமுங்க. அப்புறம் அது வேற மண்டபம்."

கருப்பம்மாள் தரையில் கிடந்த கூரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அவளே ஒண்ணும் சொல்லலை. நாம யாரு சொல்றதுக்கு? பழையபடியே வை."

நாச்சிமுத்துவின் முகம் இன்னும் வெளுத்தது. அடித்தளம் கோணினால் கட்டினவன் வம்சத்துக்கு ஆகாது என்பது அவர் படித்த பாடம். அன்று மத்தியானம் சாப்பாட்டை வெறுமனே பிசைந்துகொண்டு என்னிடம் கேட்டார்: "தெரியாமக் கோணுனவனைச் சாமி விட்டுரும். தெரிஞ்சே கோண வைக்கறவனை என்ன பண்ணுமுங்க?" நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோய், தன் சுத்தமான சதுரத்தைத் தானே கடப்பாரையால் பிரித்தார். தரையில் கிடந்த கூரையிலிருந்து இரண்டு குறுக்குக் கயிற்றையும் அளந்து எடுத்துக்கொண்டு, நெட்டைக்கு நெட்டை, குட்டைக்குக் குட்டை என்று முளை அடித்தார். பிறந்ததிலிருந்து நேராகவே அடித்துப் பழகிய கை. கோணலாக அடிக்க அது பட்ட பாட்டைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கொடியேற்றத்துக்கு முன்னாலேயே மூடுகல் இறங்கியது. ஒரு தட்டல் இல்லை, ஒரு முனகல் இல்லை. கூரைக்குக் கீழே கொடுத்திருந்த முட்டுகளை உருவும்போது கட்டினவன் கீழே நிற்பது அவர்கள் வழக்கம். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒச்சப்பன் வெற்றிலையை மென்றுகொண்டே போய் அவர் பக்கத்தில் நின்றான்.

"நீ எதுக்குடா?" என்று கத்தினேன்.

"விழுந்தா ஆசாரி தனியாச் சாகணுமா முதலாளி? உருவுங்கடா!"

உருவினார்கள். கல் ஒன்றையொன்று கவ்விக்கொண்ட சத்தம் ஒரு பெருமூச்சாகக் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. நின்றது.

உளியின் பேச்சு அப்போதுதான் வந்தது. "ஒரு தடவை கட்டி, பிரிச்சு, மறுபடி கட்டுனதுதானே? சத்தியம் போச்சுல்ல?" என்றார் கூட்டத்தில் ஒரு விவகாரஸ்தர்.

பேரம் என்றால் எனக்கு உயிர் வந்துவிடும். "என்னய்யா சத்தியம்? பாட்டன் நிறுத்துனது எப்படி நின்னுச்சோ அப்படி நிக்கணும், கொடி ஏறக்குள்ள நிக்கணும். நிக்குதா இல்லையா? கோணல்ல ஒரு சாண் கூட்டினாரா, குறைச்சாரா? கயிறு இந்தா இருக்கு, போய்ப் பிடிச்சுப் பாரு!"

யாரும் பிடிக்கவில்லை. கருப்பம்மாள் உளியை எடுத்து வந்து நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். நேராக அடித்தளத்துக்குப் போய் மண்டியிட்டு, ஊர் திகைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, கல்லில் வெட்ட ஆரம்பித்தார். நெட்டையாக ஒரு கோடு. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு குட்டையாக ஒரு கோடு.

"அய்யய்யோ! எங்காத்தா மண்டபத்துல என்னடா கோணச் சிலுவை போடுறே?" என்று கருப்பம்மாள் பதறினார்.

"சிலுவை இல்லீங்க ஆத்தா, குறுக்குக் கயிறுங்க," என்றார் நாச்சிமுத்து, உளியை நிறுத்தாமல். "இன்னொரு நாள் இதைய எவனாச்சும் பிரிப்பான். என்னியாட்டமே பெரிய இவனா இருப்பான்."