பதினாலாம் பக்கம்

மருத்துவமனையில் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். வெளிநாட்டு மருந்துக் கம்பெனி ஒன்று, மூச்சுத் திணறலுக்கான புது மாத்திரையை இங்குள்ள நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது. சேருகிறவர்களுக்கு இருபத்திரண்டு பக்கச் சம்மதப் படிவத்தை வாய்மொழியாகச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது அவன் உத்தியோகம். மற்றவர்கள் ஒரு மணி நேரம் எடுத்தார்கள். அவனுக்கு ஒன்பது நிமிடம் போதும். பயமுறுத்தும் பக்கங்களில் வண்டி நிற்காது. சோதனை முடிந்ததும் மாத்திரை தரப்படமாட்டாது என்கிற பதினாலாம் பக்கத்தில் நின்றதே இல்லை. நல்ல காரியத்துக்கு வந்தவரிடம் எழவுச் செய்தி எதற்கு என்பது அவன் கட்சி.

அக்கா புருஷனுக்கும் அவன்தான் படித்தான். சொந்தக்காரர் என்பதால் ஏழு நிமிடம்.

மாத்திரை வேலை செய்தது, வினையே அதுதான். மூன்று படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிற அத்தான் ஒன்றரை வருடத்தில் மொட்டைமாடி ஏறித் தண்ணீர்த் தொட்டி கழுவினார். அப்புறம் சோதனை முடிந்தது. இங்கே விற்கிற உத்தேசமே இல்லையாம். இந்த ஊரில் நுரையீரல் மட்டும்தான் தேவைப்பட்டிருக்கிறது. மீதி டப்பாக்களைச் சீல் வைத்து எரிக்கக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் வாரமே அத்தான் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினார். அக்கா தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பிறகு, சம்மதம் ஒழுங்காகத்தான் வாங்கப்பட்டதா என்று விசாரிக்கக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். நல்ல மனுஷி. மொழிபெயர்க்க எக்ஸ்பிரஸையே உட்காரவைத்தார்கள், திருடனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதைப் போல. அத்தானின் முறை வந்தது. பதினாலாம் பக்கம் படித்துக்காட்டப்பட்டதா என்று அம்மாள் கேட்டாள். இல்லையென்றால் அவருக்கு இரண்டு வருடம் மாத்திரை உண்டு. படிக்காமல் விட்டவருக்கு அன்றோடு வேலை கிடையாது.

இந்தத் தடவை அவன் அத்தானிடம் ஒரு சொல் விடாமல் சொன்னான்.

"உள்ளதைச் சொல்லிடுங்க அத்தான். எனக்கு வேற வேலை கிடைக்கும்."

"கிடைக்கும்..." அத்தான் மூச்சு வாங்கினார். "இதுக்கு முன்னாடி நாலு வருஷம்... கிடைச்ச மாதிரியா மாப்ளே?"

"ரெண்டு வருஷ மாத்திரை, அத்தான்."

"அப்புறம்? மறுபடி அதே மூணு தலையணைதானே. உனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. படிச்சேன்னு சொல்லு."

அம்மாள் பேனாவோடு காத்திருந்தாள். நான் படிக்கவில்லை என்பது அவள் பாஷையில் நாலே வார்த்தை. நாலும் தொண்டைவரை வந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் இரண்டு முகங்களும் கூடவே வந்தன.

எல்லாம் படித்துக்காட்டியதாகச் சொல்கிறார் என்றான்.

அவள் கட்டத்தில் ஒரு டிக் போட்டு, ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லச் சொன்னாள். அதையும் மொழிபெயர்த்தான்.

வெளியே பெஞ்சில் இருந்த அக்கா, என்ன கேட்டார்கள் என்றாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். சும்மா பேப்பர் வேலை என்று சொல்ல அவருக்கு இரண்டு முறை நிறுத்தி மூச்சு இழுக்க வேண்டியிருந்தது.