அங்கம்மா அக்காவுக்கு ஒரு பார்கோடு ரீடர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது மலேசியாவில், செனாயில் இருக்கும் எங்கள் ஃபேக்டரி முழுக்கத் தெரியும். அன்று காலை அந்தப் பழைய கம்ப்யூட்டரின் தகர மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நான் திட்டிய திட்டில் ஸ்டோர் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கம்மா அக்கா மட்டும் கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு மைலோ டின் மூடியில் பொறுக்கிப் போட்டபடி பக்கத்திலேயே நின்றார்.

விஷயம் இதுதான். எங்களுடையது பிளாஸ்டிக் மூடி செய்யும் சின்ன ஃபேக்டரி. நான் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. அக்காவுக்கு ஸ்டோரில் வேலை. லாரியில் ஏறும் ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு அட்டை வரும். அதிலிருக்கும் நீளமான நம்பரை அக்கா கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். வருஷக்கணக்காகத் தட்டியவர்தான். இப்போது கண்ணில் புரை விழுந்து எட்டு மூன்றாகத் தெரிகிறது. ஆபரேஷன் என்றாலே பயம். போன வாரம் மூவாருக்குப் போக வேண்டிய பெட்டிகள் பத்துபகாட் என்ற வேறு ஊரில் போய் இறங்கின. தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தப்பு வந்தால் வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டார்.

இந்த வேலை போனால் அக்காவுக்குப் போக்கிடம் பண்டார் தெங்காராவில் இருக்கும் மகன் வீடு ஒன்றுதான். அந்த வீட்டில் மருமகள் ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பையோடு கிளம்பி வந்தவர் அவர். இப்போது கடைவீட்டு மாடியில் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருக்கிறார். சம்பளம் நின்றால் ரூமும் நின்றுவிடும்.

"அந்த வீட்டு வாசப்படிய மறுபடி மிதிக்கறதுக்கு நான் செத்துப் போலாம் சாந்தினி" என்று ஒரு தடவை சொன்னார். சும்மா சொல்கிறவர் இல்லை அவர். அதைக் கேட்டதிலிருந்து நான் ஒரு வழி தேடத் தொடங்கினேன்.

அட்டையில் நம்பருக்குக் கீழே பார்கோடு ஏற்கனவே அச்சாகித்தான் வருகிறது. எங்களிடம் அதைப் படிக்கும் ரீடர் மட்டும் இல்லை. புதுக் கம்ப்யூட்டர் என்று பேச்செடுத்தாலே தவுக்கே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழையதில் யூஎஸ்பி செத்துப்போய் வெகு காலம் ஆகிறது. கடைசியில் பினாங்கில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம், கம்ப்யூட்டருக்கு உள்ளேயே பொருத்துகிற ரீடர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். முன்னால் ஃப்ளாப்பி போடும் இடத்தில் அதை வைக்க வேண்டும். வெளியே ஒரு காடி, நீளமான பிளவு, தெரியும். அட்டையை அதில் இழுத்தால், உள்ளே எரியும் சின்னச் சிவப்பு விளக்கு கோடுகளைப் படித்துவிடும். கீபோர்டு ஒயரும் அதன் வழியாகவே போவதால், யாரோ விரலால் தட்டுகிறார்கள் என்றுதான் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். அக்காவுக்குக் கண்ணே தேவைப்படாது.

மதியம் லாரி வருவதற்குள் வேலை செய்து காட்டு, இல்லாவிட்டால் ஆள் அனுப்பும் ஏஜெண்டிடம் சொல்லி வேறு ஆள் எடுக்கிறேன் என்று தவுக்கே கெடு வைத்திருந்தார். அந்தச் சனியனோ உள்ளே உட்கார மாட்டேன் என்றது. உட்கார வைத்தால் கீபோர்டு செத்தது. கீபோர்டு ஒயரை மாற்றிச் சொருகினால் கம்ப்யூட்டரே திறக்காமல் ஓலமிட்டது. எனக்குக் கை வியர்த்து ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. அக்காவின் உதடு முருகா முருகா என்று அசைந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டு முருகனைக் கூப்பிடுகிறாரே என்று.

கடைசியாக, ரீடரோடு வந்த, உள்ளே சொருகும் கார்டைப் பிடுங்கி, அதன் பித்தளைப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். கம்ப்யூட்டர் திறந்தது. கீபோர்டு வேலை செய்தது. காடிக்குள் சிவப்பு விளக்கும் எரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைகழுவிவிட்டு ஓடிப்போய்த் தவுக்கேயைக் கூட்டிவந்தேன். லாரி டிரைவர் வசந்தனும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தான்.

அட்டையை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. திருப்பி இழுத்தேன். வேறு அட்டை எடுத்து இழுத்தேன். திரையில் ஒரு எழுத்துகூட விழவில்லை. அக்கா என் முகத்தையும் தவுக்கே முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தவுக்கே கோபப்படவில்லை. போதும் லா, நீயும் முடிந்தவரை பார்த்தாய் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஏஜெண்டுக்குப் போன் போட ஆபீஸ் பக்கம் நடந்தார்.

பினாங்குக்காரரைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் பாவம், தொடர்பைத் துண்டித்துவிட்டார். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு முழங்காலிட்டபோதுதான் காடிக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"அக்கா, என்னக்கா இது?"

"நீ கைகழுவப் போனப்ப வச்சேம்மா. புதுச் சாமானாச்சே. அந்தச் செவப்பு வெளக்கு நெத்தி மாதிரி இருந்துச்சு."

தலையில் அடித்துக்கொண்டேன். யாரைக் குற்றம் சொல்வது? ஆயுத பூஜைக்குத் தராசுக்கும் தள்ளுவண்டிக்கும்கூடப் பொட்டு வைக்கிறவர்கள் நாங்கள். எனக்கு நினைவு வந்திருந்தால் நானே வைத்திருப்பேன், மூடிமேல். காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைத்தேன். அட்டையை இழுத்தேன். பீப் என்றது. நம்பர் முழுசாகத் திரையில் வந்து நின்றது.

ஓடினேன். ஏஜெண்டிடம் பேசிக்கொண்டிருந்த தவுக்கேயைக் கெஞ்சி இழுத்துவந்தேன். இந்தத் தடவை அக்காவே அட்டைகளை இழுத்தார். முதல் அட்டையைக் காடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்து இழுத்தார். பிறகு நிற்கவில்லை. லாரி நிறையும்வரை ஒரு தப்பு இல்லை. தவுக்கேவுக்கு வாயெல்லாம் பல். கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்தார். அக்காவின் தோளையும் தட்டினார். தானும் ஒன்று இழுத்துப் பார்த்தார். பிறகு வசந்தனிடம் ஒரு அட்டையைக் கொடுத்தார். அவன் காதில் போனை வைத்துக்கொண்டே, திரையைப் பார்க்காமலேயே இழுத்தான். பீப்.

தவுக்கே என்னைத் தள்ளிக் கூட்டிப்போய் ஆங்கிலத்தில் சொன்னார். இவ்வளவு சுலபமா, அப்படியென்றால் டிரைவர்களே ஏற்றும்போது இழுத்துக்கொள்ளட்டும், இதற்கென்று ஓர் ஆள் எதற்கு என்றார். ஏஜெண்டும் வேண்டாமாம். அந்தம்மாவை இன்றோடு நின்றுகொள்ளச் சொல்லு, கண் தெரியாமல் ஃபோர்க்லிப்டில் அடிபட்டால் யார் பதில் சொல்வது, வயசாகிவிட்டது, ஓய்வெடுக்கட்டும் என்றார். அவருக்காகத்தானே இதைப் பொருத்தினேன் என்று கத்தினேன். தெரியும், நல்ல வேலை செய்திருக்கிறாய் என்றார். பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன் என்றேன். பரவாயில்லை, நாளைக்கே இன்னொன்று வாங்கிவிடலாம் என்றார். கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர்மேல் இருந்த தூசியைத் தன் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் முகம் மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"தவுக்கே சிரிச்சாரு பாத்தியா சாந்தினி? இனிமே கண்ணு சுத்தமா அவிஞ்சாலும் என் வேலை போவாது, இல்ல?"

நான் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க."