சிவப்பு நாடா ஒட்டிய தொட்டிகள்

தாவரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிற அந்தப் பெண்ணுக்கு வீட்டில் 'விஞ்ஞானி' என்றுதான் பேர். வைத்தவர் அப்பா, பஸ் டிரைவர். கிண்டலாக ஆரம்பித்தது, போகப்போக அவருக்கே அதில் பெருமை வந்துவிட்டது.

பரீட்சை விடுமுறைக்கு ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டதால் தக்காளி நாற்றுகள் வீட்டு பால்கனிக்கு வந்தன. சிவப்பு நாடா ஒட்டிய தொட்டிகளுக்குத் தண்ணீர் கிடையாது, மற்றவற்றுக்கு உண்டு. தண்ணீரில்லாமல் இந்த ரகம் எவ்வளவு தாங்கும் என்பதுதான் ஆராய்ச்சி. உருப்படியாகச் செய்தால் அடுத்த வருஷம் தன் ஆய்வுக்குழுவில் சேர்த்துக்கொள்வதாகப் பேராசிரியை சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்றுகளோ வாடுவேனா என்றன! தலை தொங்கியவைகூட மறுபடி நிமிர்ந்து நின்றன. விஞ்ஞானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அப்பா, இது சாதாரண ரகம் இல்லப்பா!"

அப்பாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "அம்மாடி... அதுங்களுக்கு நான்தான் தண்ணி ஊத்தினேன்."

"தொடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனேப்பா! எல்லாம் போச்சு!"

பாவம், அந்த மனுஷனும் என்னதான் செய்வார்? "நீ சாப்பிடாம கொள்ளாம வாடிப்போய்க் கிடந்தே. பக்கத்துல வந்தாலே எரிஞ்சு விழுந்தே. உனக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியல. அதுங்களும் அப்படியே தலையைத் தொங்கப்போட்டு நின்னுச்சா... மனசு கேக்கலம்மா."

அதற்குமேல் கோபப்பட அவளுக்கு மனசு வரவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அந்த ஆசை வந்தது, நன்றாகவே வந்தது. ஆனாலும் பேராசிரியை முன்னால் போய் நின்று, "மேடம், எங்கப்பா தண்ணி ஊத்திட்டார்" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

பேராசிரியை சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "குழுவைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது. முதல்லேருந்து செஞ்சுட்டு வா."

புது நாற்றுகள் வந்தன. அவை வாடத் தொடங்கிய காலையில், கொடியில் காய்ந்த சீருடையை எடுக்க அப்பா பால்கனிக்கு வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்தார்.

"என்னப்பா இது கூத்து?"

"பார்த்தா ஊத்திடுவேன்டி."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் கை தானாகக் கொடிக்குப் போனது. சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்குப் பசிக்குதுப்பா. ஏதாவது குடுங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். அன்று பஸ் கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பியது.