மார்ச் வரைக்கும்

ஈமச்சடங்கு வேலைக்கு வந்தவர் இறந்துபோன அப்பாவின் வயிற்றின்மேல் ஐஸ் கட்டியை மாற்றிக்கொண்டிருந்தபோது, அண்ணி தொமோகோ ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"வேண்டாம்மா. நாளைக்குத் தகனம் வரைக்கும் பெரியவர் இருக்கிற அறையில சூடு ஆகாது," என்றார் அவர்.

எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்தார்கள். ஜப்பானின் பனிமலைப் பகுதியான நாகானோவில் பிப்ரவரி மாதம். நேற்றுச் சாயங்காலம் குளிப்பதற்காகச் சட்டையைக் கழற்றிய இடத்திலேயே அப்பா விழுந்துவிட்டார். குளிர் இதயத்தைத் தாக்கிவிட்டது என்றார் டாக்டர். அந்த இடத்துச் சுவரில் மகள் சயோகோ மாட்டிய வெப்பமானி ஐந்து டிகிரி என்று பதிவு செய்திருந்தது.

சயோகோ கட்டடக்கலைப் பேராசிரியர். வீட்டுக்குள் இருக்கும் குளிர் அங்கே வாழ்கிறவர்களை என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நாற்பது வீடுகளில் பாதியைக் குளிர் புகாமல் திருத்தினாள்; மீதியை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டாள். அப்பாவின் வீடு அந்த மீதியில் ஒன்று. எண்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு ஆள் கண்ணில் படமாட்டார்.

நவம்பரில் அப்பா போனில் கேட்டார்: "குளிக்கிற இடத்துல சின்னதா ஒரு ஹீட்டர் மாட்டிக்கட்டுமா?"

"கணக்கு கெட்டுடும்ப்பா. மார்ச் வரைக்கும் பொறுத்துக்கோங்க."

"உத்தரவு, புரொபசரம்மா," என்று சிரித்தார்.

இப்போது அவள் எழுந்துபோய், குளியலறை வாசலில் தொங்கிய, தாள்கள் செருகிய அட்டையை எடுத்தாள். குளிர் எப்படி இருந்தது என்று தினமும் அப்பா வட்டம் போடவேண்டிய தாள்கள் அவை. ஒவ்வொரு நாளும் 'குளிரவில்லை' என்பதில்தான் வட்டம். வயதானவர்கள் குளிருக்குப் பழகிவிடுகிறார்கள் என்று போன வாரம்தான் மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

இன்றைய தாளிலும் வட்டம் இருந்தது. நாளைக்கும் இருந்தது. மார்ச் முப்பத்தொன்று வரை ஒரே மையில், ஒரே மூச்சில் 'குளிரவில்லை' என்று போட்டு வைத்திருந்தார். கிழித்துப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

"அப்பாவுக்குக் குளிரே உறைக்காதுன்னு நீதானே சொன்ன?" அண்ணன் கெய்ஜி பின்னால் நின்றான்.

"அவர் ஹீட்டர் கேட்டாருண்ணா. நான்தான் வேண்டாம்னேன்."

"எதுக்கு?"

"என் ஆராய்ச்சிக்கு." தாள்களை நீட்டினாள்.

கெய்ஜி கடைசித் தாள்வரை புரட்டினான். "உன் மனசு நோகக் கூடாதுன்னே பொய் சொல்லியிருக்காரு," என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அவன் அப்பாவின் அறைக்குத் திரும்பிப் போனான். கோட்டைக் கழற்றி, ஐஸ் கட்டி புடைத்துக்கொண்டிருந்த போர்வையின்மேல் விரித்தான். ஈமச்சடங்கு வேலைக்காரர் ஐஸ் பெட்டியை மூடி ஓரமாக நகர்த்தினார்.

சயோகோ கால் பக்கமாக மண்டியிட்டு, தன் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.