பிராட்பேண்டில் வந்த மடி

நாகநாதனின் வலது பாதம் குவைத்திலிருந்து நல்லாங்குடிக்கு 2008 ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. பெரியபட்டினத்துக்கு மேற்கே மிளகாய் போடும் ஊர்களில் முதன்முதலாக வீட்டுக்குள் இன்டர்நெட் இழுத்தது அவன் அக்கா முருகேஸ்வரிதான். குவைத்தில் லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் தம்பி முகத்தைப் பார்த்துப் பேசுவாள். பாதிப் பேச்சில் படம் அப்படியே நின்றுவிடும். அன்று நின்றபோது மேஜைக்கு அடியில் பாதம் கிடந்தது. பித்தவெடிப்பும் பெருவிரல் தழும்பும் சாட்சாத் அவனுடையவை. "யாரோ தொடுற மாதிரி கூசுதுக்கா" என்றான் அவன் அங்கிருந்து. தொட்டது அவள்தான். அவனுக்கு வலி இல்லை, ரத்தம் இல்லை. செருப்புக்குள் துணியை அடைத்துக்கொண்டு கிடங்கில் காய்கறிப் பெட்டி தூக்கப் போய்விட்டான். ஊரே இரண்டு நாள் வந்து பார்த்தது. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொள்ள, பாதமாவது கீதமாவது என்று எல்லாரும் வயலுக்கு ஓடிவிட்டார்கள்.

லைன் மெதுவாக இருந்ததால் அவன் மெதுவாகத்தான் வந்தான். கார்த்திகையில் கணுக்கால், மார்கழியில் முழங்கால். முருகேஸ்வரி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். தையில் மகள் சேதுலட்சுமிக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். நாகநாதனுக்கோ முதலாளி லீவு தரமாட்டேன் என்றுவிட்டான். புருஷனின் அண்ணன் வீரபத்திரன் வெற்றிலையை மென்றுகொண்டே, "மாமன் வரலைன்னா என்ன கெட்டுப் போச்சு? என் மச்சினன் மடி சும்மாதான கெடக்கு" என்று சொன்னார். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். இன்றைக்கு மடி கொடுக்கிறவன்தான் நாளைக்குச் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் மாமனாக வந்து நிற்பான். அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்த பிறகு தாய்வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது நாகநாதன் ஒருவன்தான். அவனையும் விட்டுவிட்டால் அவளைக் கேட்க ஒரு நாதி இல்லை.

வேகமான பிளானுக்கு மாறுவோம் என்று புருஷன் பொன்னுச்சாமியிடம் சொன்னாள். அந்த மனுஷன் எகிறிக் குதித்தார். "மொகத்தப் பாக்குறதுக்கு என்னடி வேகம் வேண்டிக் கெடக்கு? மெதுவா வந்தாலும் அதே மூஞ்சிதான?" நியாயமான கேள்விதான். டீக்கடையில் ஊரே இரண்டாகப் பிரிந்து இதைப் பேசியது. முக்கால்வாசிப் பேர் தண்டச்செலவு என்றார்கள். முருகேஸ்வரி அழவில்லை, கத்தவில்லை. "வெறும் முழங்காலு மேல எம்புள்ளைய எப்படிங்க ஒக்கார வைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். பொன்னுச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு பெரியபட்டினம் கிளம்பினார். அங்கே நெட் சென்டர் வைத்திருந்த ஹமீது சுல்தான் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார்.

காதுகுத்தும் வெள்ளிக்கிழமைதான். முகூர்த்தம் பத்தரை வரை. கரண்ட் பத்து மணிக்குப் போய்விடும். அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் முறை வைத்து நிறுத்தினார்கள். கோயிலில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளையோடு கூட்டம் வீட்டுக்கு வந்தபோது ஒன்பதரை தாண்டிவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் காலி நாற்காலி. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீரபத்திரன் தன் மச்சினனுக்குப் புது வேட்டி கட்டித் தயாராகவே வைத்திருந்தார், பாவி மனுஷன்.

வேகம் வேகம்தான். தொடை வந்தது, இடது கால் வந்தது, இடுப்பு வந்தது, மடி வந்தது. இரண்டு கையும் வந்து நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தன. தோள் வந்தது, கழுத்து வந்தது. கரண்ட் போயிற்று.

தலை குவைத்தில் நின்றுவிட்டது. ஐயோ, என் தம்பியை நானே கொன்றுவிட்டேனா? முருகேஸ்வரி ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. "ஏலே நாகா!" என்றாள். கேட்கக் காது இல்லை. ஆனாலும் அந்தக் கை அவள் கையை இறுக்கியது. பிறகு விட்டுவிட்டு, வா என்பதுபோல் மடியைத் தட்டியது. அவள் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டுத் துள்ளியது. மாமன் கைகள் அசையவிடாமல் அணைத்துக்கொண்டன. மறு காதும் ஆனது. வீரபத்திரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போனார்.

அந்தக் கரண்ட் திரும்பி வரும்வரை முருகேஸ்வரி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பிடித்த கையையும் விடவில்லை. வந்ததும் திரையில் தம்பி முகம் தெரிந்தது, தலையணை மேல் தலை மட்டும். "புள்ள ரொம்ப அழுதாளாக்கா?" என்றான். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள், அடக்க மாட்டாமல்.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போக வேண்டும். வந்த மாதிரியே சட்டென்று போய்விடுவான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். காது குத்திய அன்று மாலை வரை ஒரு சுண்டுவிரல்தான் போயிருந்தது. போன் போட்டதும் ஓடிவந்த ஹமீது சுல்தான் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, வேகமெல்லாம் இங்கன வாரதுக்குத்தான். இங்கருந்து போறது பழைய வேகந்தான்." "மாத்தும்போதே இத ஒரு வார்த்த சொல்லக்கூடாதா பாய்?" "நீங்க வாரதப் பத்தித்தானம்மா கேட்டீக." உண்மை அதுதான். வருகிறவனைத் திருப்பி அனுப்புவதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

அவன் அங்கே காய்ச்சல் என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டான். முதலில் கைகளை அனுப்பினார்கள், பிறகு கால்களை. சம்பளம் பிடித்தார்கள், நல்லவேளை, வேலை போகவில்லை. மாசியில் இடுப்பும் பங்குனியில் நெஞ்சும் போயின. தொடைகள் போன பிறகும் மடி மட்டும் நாற்காலியிலேயே இருந்தது. சேதுலட்சுமி அதில் உட்கார்ந்துதான் சோறு தின்றாள், அப்படியே தூங்கினாள்.

சித்திரையில் மிளகாய் விற்று முடிந்ததும் பொன்னுச்சாமி வேகத்தைக் குறைக்கச் சொன்னார். முருகேஸ்வரி மறுப்புச் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை தம்பியிடம் கேட்டாள். "மடி ஒண்ணுதான்ப்பா மிச்சம். அதையும் அனுப்பிரவா?"

நாகநாதன் அசையாமல் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். படம் நின்றுவிட்டதோ என்று அவள் திரையைத் தட்டினாள்.

"அங்கனயே இருக்கட்டும்க்கா" என்றான். "இங்கன ஒக்கார எனக்கு எங்க நேரம்?"

மடி அங்கேயே இருந்தது. வருகிறவர்கள் அந்த நாற்காலியை விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.